காலை நடை மட்டும் போதுமா?

வணக்கம் சகோதரி. மன்னார்குடியில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 68 வயது, காலையில் அரை மணி நேரம் நடக்கிறார், மீதிப் பொழுது முழுக்க ஈஸிசேரும் டிவியும்தான், இது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். நடையை விடவே வேண்டாம். ஆனால் இவ்வளவு நேரம் உட்காருபவருக்கு அது குறைவு. 2016இல் லான்செட் இதழில், 10 லட்சம் பேருக்கு மேலானவர்களின் தகவலை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 8 மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் ஆபத்தை ஈடுகட்ட, தினமும் 60 முதல் 75 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றது.

ஒரே மூச்சில் வேண்டியதில்லை. வெயில் தாழ்ந்ததும் ஹரித்ரா நதிக் கரையில் இன்னொரு நடை போகட்டும்.

எனக்கு அதைவிடக் கவலை கால் பலம்தான். தொடைத் தசை தளர்ந்தால் விழும் ஆபத்து கூடும். கெட்டியான மர நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஊன்றிக்கொள்ளட்டும், பரவாயில்லை. டிவியில் விளம்பரம் வரும் நேரம் இதற்குச் சரியாக இருக்கும். அப்புறம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 3 நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.