குறைமாத இரட்டையர் என்.ஐ.சி.யூ-வில்: சுங்கை சிப்புட் குடும்பங்கள் கேட்டவை

பச்சிளம் பிள்ளைகளின் தீவிர சிகிச்சை வார்டில் (என்.ஐ.சி.யூ) மிஸ்ஸியாக, அதாவது தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மிகவும் குறைமாதமாகப் பிறக்கும் பிள்ளைகளை நம் ஊரிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அப்படி இரட்டைப் பிள்ளைகளோடு அலையும் குடும்பங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். பிள்ளையைப் பார்ப்பவர் அவர்தான்.

முப்பது வாரத்தில் இரண்டு ஆண் பிள்ளைகள். உடம்பெல்லாம் ஒயரும் குழாயும். மெஷின் வேறு அடிக்கடி கத்துகிறது. பயமாக இருக்கிறது மிஸ்ஸி.

காலிலிருந்து ஆரம்பிப்போம் தங்கச்சி. பாதத்தில் சுற்றியிருக்கும் பட்டைக்குள் சிவப்பாக விளக்கு எரிகிறதே, அது இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறது. நெஞ்சில் ஒட்டியிருப்பவை இதயத்துடிப்புக்கும் மூச்சுக்கும். வாய் வழியே போகும் மெல்லிய குழாய், பாலை வயிற்றுக்குக் கொண்டுபோக. மூக்கில் இருப்பது சிபாப். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் சுரக்க வேண்டும். 34, 35 வாரத்தில்தான் அது போதுமான அளவுக்கு வரும். அதுவரை சிபாப் லேசான அழுத்தத்தோடு காற்றை விட்டு அந்த அறைகளைத் திறந்தே வைத்திருக்கும். பிரசவத்துக்கு முன்னால் உங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதுவும் இந்த நுரையீரலுக்காகத்தான்.

மெஷின் கத்துவது பல சமயம் பிள்ளை காலை உதறி அந்த விளக்கு நழுவுவதால்தான். சில சமயம் பிள்ளை நிஜமாகவே மூச்சு விட மறந்துபோகும். மூச்சைக் கவனிக்கும் மூளைப்பகுதி இன்னும் முதிரவில்லை. முதுகை லேசாகத் தேய்த்தால் மறுபடி விடும். அதற்குக் கொடுக்கும் மருந்து கஃபீன், காப்பியில் இருக்கும் அதே சரக்குதான். இன்னொன்று, ஸ்கிரீனில் 100 வரவில்லையே என்று ஏங்காதீர்கள். ஆக்சிஜன் கொடுக்கும் குறைமாதப் பிள்ளைக்கு 90-க்கும் 95-க்கும் நடுவில் இருக்கும்படிதான் பார்த்துக்கொள்வார்கள். கூடினால் கண்ணுக்கு ஆபத்து. ஸ்கிரீனை விட்டுவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

பால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. இரண்டு பேருக்கு எப்படிப் போதும்? டின் பால் கொடுக்கச் சொல்லிவிடவா?

அந்தச் சொட்டுதான் இப்போது வேண்டும். முதல் நாட்களில் இந்தப் பிள்ளைகள் ஒரு வேளைக்குக் குடிப்பதே ஒன்றிரண்டு மில்லிதான். முதல் சில நாள் பம்ப்பை விடக் கையால் பிழிந்தால் சீம்பால் நன்றாக வரும். சிரிஞ்சில் உறிஞ்சி மிஸ்ஸியிடம் கொடுங்கள். குழாய் வழியாகப் பால் ஏற்றத் தொடங்காத பிள்ளைக்குக்கூட கன்னத்தின் உள்பக்கம் ஒரு துளி தடவுவார்கள். பிள்ளை நாக்கை லேசாக நீட்டிச் சப்பும். அதைப் பார்த்த தாய்க்கு அடுத்த முறை பால் கூடுதலாக வருவதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

பிரசவமான சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். நாளைக்கு எட்டுத் தடவை, அதில் ஒன்று நடு இரவில். பிள்ளை பக்கத்தில் இல்லாததால் எடுக்க எடுக்கத்தான் உடம்புக்கு ‘இரண்டு பேருக்கு வேண்டும்’ என்று தெரியும். விட்டுவிட்டால் வற்றிவிடும். குறைமாதப் பிள்ளைக்குக் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் வரலாம். தாய்ப்பால் அந்த அபாயத்தைக் குறைக்கிறது. டாக்டரே டின் பால் சேர்க்கச் சொன்னால் சேர்க்கட்டும், நீங்களாகக் கேட்காதீர்கள்.

வீட்டில் எடுத்ததை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பெயரும் தேதியும் மணியும் எழுதி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். எத்தனை மணி நேரத்துப் பாலை ஏற்பார்கள் என்று வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்தியத்தில் பூண்டு, கருவாடு எல்லாம் சரி. தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

முப்பது நாள் வாசல் தாண்டக்கூடாது, தீட்டு என்கிறார் மாமியார். பிள்ளைகளைப் பார்க்கப் போகலாமா?

போங்கள். டாக்டர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார், உடம்பு தாங்குகிறது என்றால் போங்கள். ஆபரேஷன் ஆகியிருந்தால் மோட்டார் சைக்கிள் வேண்டாம், கார் பாருங்கள். தாய்மார் தங்க இடம் உண்டா என்று வார்டில் கேளுங்கள், சில ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. மாமியாருக்கும் ஒரு வேலை கொடுங்கள். பத்தியச் சாப்பாட்டை டிபன் கேரியரில் கட்டித் தரட்டும்.

நான் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. தகப்பன் என்று போய் நின்று என்ன செய்வது?

சட்டையைத் திறந்து பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி. நிஜமாகச் சொல்கிறேன். இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-79 வாக்கில் டாக்டர்கள் தொடங்கிய முறை இது, கங்காரு பராமரிப்பு. பிள்ளையின் சூடு நிற்கும், இதயத்துடிப்பு சீராகும், எடை ஏறும். முடிந்தவரை சீக்கிரம் தொடங்கி, நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2022-இல் சொல்லிவிட்டது. சிபாப்பில் இருக்கும் பிள்ளையையும் நிலை சீராக இருந்தால் தூக்கித் தருவார்கள். அம்மா ஒன்று, அப்பா ஒன்று. இரட்டைக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

வேலை முடிந்து நேராகப் போகாதீர்கள். குளித்து, சட்டை மாற்றி, வார்டு வாசலில் மோதிரமும் கடிகாரமும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால் அந்த வாடையோடு நெஞ்சில் போட விடமாட்டார்கள், சரிதானே? லீவு விஷயம்: 2023 ஜனவரியிலிருந்து மலேசிய வேலைச் சட்டப்படி, அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை பார்த்த மணமான ஆணுக்குச் சம்பளத்தோடு 7 நாள் உண்டு. தாய்க்கு 98 நாள். அந்த ஏழும் தொடர்ச்சியாகத்தான். ஆகவே உங்கள் வருடாந்திர லீவைச் செலவழிக்காமல், பிள்ளைகள் வீடு வரும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவன் தேறி வீட்டுக்கு வரப்போகிறான். சின்னவன் இன்னும் சிபாப்பில். யாரோடு இருப்பது?

இரட்டையில் இது சகஜம். ஒரே நாளில் பிறந்தாலும் ஒரே நாளில் வீடு வருவார்கள் என்றில்லை. முதல் வாரம் பெரியவனைப் பாட்டியிடமோ அக்காவிடமோ சில மணி நேரம் விட்டுவிட்டு, சின்னவனிடம் போய் வாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் போனால் நல்லது. பால் ஏற்றும் நேரமாகப் பார்த்துப் போனால் நீங்களே சிரிஞ்சைப் பிடிக்கலாம். இருவரையும் ஒப்பிட்டு எடை பேசும் சொந்தக்காரர்களுக்கு பதில் சொல்லத் தேவையில்லை.

பேத்திகளுக்கு வசம்பு கட்டலாமா? கறுப்புப் பொட்டு, திருநீறு, நாக்கில் தேன்? (பாட்டி)

அம்மா, உள்ளே எதுவும் வேண்டாம். கயிறு கிருமியைச் சேர்க்கும், மெல்லிய தோலை அறுக்கும். திருநீறு தூள், மூச்சுக்கு ஆகாது. சாமி படம் வைக்க ஆசையானால் பிளாஸ்திக் உறையில் போட்டு இன்குபேட்டருக்கு வெளியே ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், பல மிஸ்ஸிகள் ஒத்துக்கொள்வார்கள். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, அதில் வரும் ஒரு கிருமி பச்சைப் பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். வீட்டுக்கு வந்தபின் சாம்பிராணிப் புகையும் கொசுவத்தியும் வேண்டாம். மாதக்கணக்கில் ஆக்சிஜனில் இருந்த நுரையீரல் அது. நம் ஊரில் புகைமூட்டம் வரும் காலத்தில் ஜன்னலைச் சாத்துங்கள்.

பெயர் சூட்டுவது தள்ளிப்போகிறது. பதிவு?

60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். சடங்கைப் பிறகு வையுங்கள், பெயரை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஒன்று தவறிவிட்டது. ‘ஒன்றாவது தங்கியதே’ என்கிறார்கள். கேட்க முடியவில்லை.

கேட்க வேண்டாம். எழுந்து போய்விடுங்கள். போன பிள்ளைக்கும் பெயர் வைக்கலாம், அழலாம். காலடி ரேகையோ கைப்பட்டையோ இருந்தால் தரும்படி வார்டில் கேட்கலாம். இருக்கும் பிள்ளையைத் தொடவே மனம் வரவில்லை, தூக்கமே இல்லை என்று வாரக்கணக்கில் போனால் கிளினிக்கில் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு கண் டெஸ்டுக்கு வரச் சொல்கிறார்கள். பிள்ளை நன்றாகத்தான் பார்க்கிறான். போகத்தான் வேண்டுமா?

கட்டாயம். 32 வாரத்துக்குக் குறைவாகவோ 1,500 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்கு, பிறந்து 4 முதல் 6 வாரத்தில் முதல் பரிசோதனை. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்கின்றனவா என்று பார்ப்பார்கள். முற்றும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. முற்றிவிட்டால் பார்வை போகலாம். வேளையில் பிடித்தால் லேசரில் நிறுத்தலாம். ஒரு நாள் கூலி போகிறது, வண்டி கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டு பிள்ளைக்கும் ஒரே நாளில் தேதி கேளுங்கள். முதல் தடவை சரி என்றாலும், போதும் என்று டாக்டர் சொல்லும்வரை தொடர வேண்டும்.

ஆறு மாதமாகிறது, இன்னும் குப்புற விழவில்லை.

முப்பது வாரத்தில் பிறந்தால், முன்கூட்டியே வந்த பத்து வாரத்தை வயதிலிருந்து கழியுங்கள். அப்போது வயது மூன்றரை மாதத்தை ஒட்டித்தான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்ப்பார்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக்கூடாது. பிறந்த தேதிப்படி 2, 3, 5 மாதத்தில் போட வேண்டும்.

வீட்டில் எப்படித் தூங்க வைப்பது? எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மல்லாக்கப் படுக்க வையுங்கள், ஆளுக்கொரு இடம், தலையணை வேண்டாம். ஸ்பிரிங் கட்டிய சாரோங் தொட்டில் இப்போதைக்கு வேண்டாம். அதில் பிள்ளை வளைந்து, தாடை நெஞ்சில் படிந்து, மூச்சுக்குழாய் அடையும். மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுந்தால், இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காமல் துவண்டு கிடந்தால், உடம்பு சில்லிட்டால் அல்லது 38 டிகிரிக்குச் சுட்டால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உதடு நீலமானால், மூச்சு நின்றுபோனால் 999-க்கு அடியுங்கள். எடுத்தவுடன் ‘குறைமாதப் பிள்ளை’ என்று சொல்லுங்கள்.