கணக்கு மட்டும் போகாதவர்களுக்கு

கேள்வி: தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) வேலை செய்கிறேன். வயது 34. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் மட்டும் சித்தியில்லை. இனிப் பட்டப்படிப்புக்குப் போக முடியுமா? – வாசகி, நோர்வூட்

பதில்: முடியும். உயர்தரம் படிக்காதவர்களும் 18 வயது நிறைந்திருந்தால் இலங்கை திறந்த பல்கலைக்கழகத்தின் அடிப்படைக் கற்கைநெறியில் சேர்ந்து, அதை முடித்துப் பட்டப்படிப்புக்கு ஏறலாம். கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. பணம் கட்டுமுன், பட்டப்படிப்பு எந்த மொழியில் நடக்கிறது என்று கேளுங்கள். அடிப்படைக் கற்கைநெறி தமிழிலும் பட்டப்படிப்பு ஆங்கிலத்திலும் இருந்தால் நடுவழியில் திண்டாட வேண்டும்.

ஆனாலும் கணிதத்தை விட்டுவிடாதீர்கள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அந்தப் பாடத்தை மட்டும் எழுதலாம். இரண்டு தாளுக்கும் சேர்த்து 200 புள்ளி; 70 எடுத்தால் சராசரி 35, அதுவே ‘எஸ்’ (சாதாரண சித்தி). முதல் தாளின் அ பகுதியில் 25 சிறு வினாக்கள், தலா 2 புள்ளி. இருபது சரியானால் 40 கையில் வந்துவிடும். மீதி 30ஐ பின்னம், சதவீதம், நிகழ்தகவு, கூட்டமாக்கிய தரவின் இடை ஆகியவற்றில் தேடுங்கள். கேத்திரகணித நிறுவலை இப்போதைக்கு ஒதுக்குங்கள். வழிமுறைக்கும் புள்ளி உண்டு. விடை பிழைத்தாலும் படிகளை அழிக்காதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் பெருக்கல், வகுத்தலில்தான். ஃபோனில் கணக்குப் போட்டுப் பழகியிருப்பார்கள். மண்டபத்திலோ கல்குலேட்டருக்கு அனுமதியில்லை. கடந்தகால வினாத்தாள்களை இன்றிலிருந்தே வெறுங்கையால் செய்யுங்கள். முதல் தாளுக்கு 2 மணித்தியாலம், இரண்டாவதற்கு 3. பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் கிடைத்தாலும் ஒரு பகுதியை நேரம் வைத்து எழுதலாம்.

இதற்கெல்லாம் முன், பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கத்தில் ஒன்றில் ஒரு பெயரும் மற்றதில் வேறு பெயரும் இருப்பது புதிதல்ல. திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கலாம். விண்ணப்பம் கோரும்வரை காத்திருந்தால் அந்த வருடம் போய்விடும்.

கேள்வி: பன்னிரண்டு வருடமாக வயரிங் வேலை. சான்றிதழ் எதுவும் இல்லை. எப்படிப் பெறுவது? – வாசகர், பதுளை

பதில்: முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் என்.வி.கியூ.வுக்கு (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) விண்ணப்பியுங்கள். வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்டலாம். வேலை கொடுத்தவர்களின் கடிதங்களையும் செய்த வேலைகளின் படங்களையும் இப்போதே சேருங்கள். 4ஆம் மட்டம் கிடைத்தால் அங்கிருந்து மேலே ஏறலாம்: 5, 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம்.