"அப்பாவுக்குத் தெரியாது"

கேள்வி: காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால், இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தை வெளியே அழைத்துச் செல்கிறேன். பிள்ளை கேட்டதை வாங்கித் தருகிறேன். ஆனாலும் என் ஏழு வயது மகள் எதற்கெடுத்தாலும், "அப்பாவுக்குத் தெரியாது, அம்மாகிட்ட கேட்டுக்கறேன்" என்று போய்விடுகிறாள். நானாக ஏதாவது செய்யப் போனாலும், "உங்களுக்கு இதெல்லாம் வராது, விடுங்க" என்கிறார் மனைவி. தந்தையர் பிள்ளைகளிடம் ஈடுபாடு காட்ட வேண்டும் என்று நீங்களும் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள். யாருக்காக இவ்வளவு உழைக்கிறேன்? இதற்கு மேலும் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால், அது யாருக்காக என்பது உங்கள் மகளுக்குத் தெரிய வழியில்லை. சம்பளம் என்பது ஏழு வயதுக் குழந்தையின் கண்ணுக்குப் புலப்படாத பொருள். அவளுக்குத் தெரிவதெல்லாம் காய்ச்சல் வந்த இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை யாருடையது என்பதும், காணாமல் போன பென்சில் பெட்டியைக் கூடவே தேடியது யார் என்பதும்தான். அவள் உங்களைக் குறை சொல்லவில்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை. தான் கண்டதைச் சொல்கிறாள். "அப்பாவுக்குத் தெரியாது" என்று அவள் சொன்னபோது அது உண்மையாகவே உங்களுக்குத் தெரியாத விஷயமாக இருந்ததா, இல்லையா என்பதை மட்டும் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே செல்வதை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அன்று அவள் விருந்தாளி, நீங்கள் உபசரிப்பவர். பிள்ளைகள் மனம் திறப்பது உபசாரத்தின்போது அல்ல. என் தந்தை அதிகம் பேசாதவர். வாரம் ஒருமுறை எங்கள் நகங்களை வெட்டிவிடுவது அவர் வேலையாக இருந்தது. அதை அவர் யாரிடமும் விட்டதில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, என் கையைத் தன் முழங்காலின் மேல் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, சதையோடு ஒட்டி வெட்டாமல் ஒரு நூலளவு விட்டு வெட்டுவார். பத்து விரல்கள் முடியும் வரை எழுந்து ஓட முடியாது; அவர் கண்ணும் விரலின் மேலேயே இருக்கும். வகுப்பில் ஒருவன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதை நான் முதலில் சொன்னது அப்படி ஒரு நாளில், ஏறக்குறைய நான்காவது விரலின்போது. "எப்போதிருந்து?" என்று மட்டும் கேட்டுவிட்டு, அடுத்த விரலை எடுத்துக்கொண்டார். மீதியை நானே சொல்லி முடித்தேன். அன்று அவர், "இன்று பிள்ளையோடு நேரம் செலவிடுவோம்" என்று தீர்மானித்து உட்கார்ந்திருக்கவில்லை. நகம் வளர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிள்ளை வளர்ப்பில் மனைவிக்கு "உதவி" செய்வதை விட்டுவிட்டு, ஒரு பொறுப்பை முழுமையாக உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். முழுமையாக என்றால், செய்வது மட்டுமல்ல, நினைவில் வைத்திருப்பதும் சேர்ந்ததுதான். குளிப்பாட்டுவதோ, பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதோ, பள்ளியிலிருந்து வரும் அறிவிப்புகளைப் படித்து வேண்டியதைச் செய்வதோ, எதுவாக இருந்தாலும், "இன்று என்ன செய்யணும், சொல்லு" என்று மனைவியைக் கேட்டுச் செய்தால் கை மட்டுமே உங்களுடையது. கவலை அவருடையதாகவே இருக்கிறது. பிள்ளைக்கு அந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

"வராது" என்ற சொல்லுக்கு வருகிறேன். தாய்க்கு இது இயல்பாகவே வரும், தந்தைக்கு வராது என்ற எண்ணம் ஆழமாக ஊறிப்போனது, ஆனால் உண்மையல்ல. இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மனும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதல் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்த 89 தாய் தந்தையரின் மூளைச் செயல்பாட்டை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தாயின் துணையின்றித் தாங்களே முதன்மைப் பொறுப்பேற்றுக் குழந்தையை வளர்த்த ஆண்களுக்கு, ஆபத்தையும் அழுகையையும் உடனே உணரச் செய்யும் அமிக்டலா என்ற பகுதி தாய்மாருக்கு இயங்குவதைப் போலவே இயங்கியது. அதைவிட முக்கியமாக, ஒரு தந்தை குழந்தையை நேரடியாகக் கவனித்துக்கொள்ளும் நேரம் கூடக்கூட, அந்தப் பகுதிக்கும் பிறர் மனத்தைப் புரிந்துகொள்ள உதவும் பகுதிக்கும் இடையிலான தொடர்பும் வலுவாக இருந்தது. உங்கள் மனைவிக்கும் முதல் நாளே எல்லாம் வந்துவிடவில்லை. அவர் தவறு செய்தபோது பக்கத்தில் நின்று "உனக்கு வராது, விடு" என்று சொல்ல யாரும் இல்லாததால், அல்லது சொன்னவர்களைப் பொருட்படுத்த வழியில்லாததால், கற்றுக்கொண்டார்.

இந்தப் பக்கத்தை அவரும் படிப்பார் என்ற நம்பிக்கையில் அவருக்கும் ஒரு வார்த்தை: அம்மா, கணவர் தலை வாரிவிட்டால் வகிடு கோணலாகத்தான் இருக்கும். கோணல் வகிட்டோடு அவள் பள்ளிக்குப் போகட்டும். பிள்ளைக்கு உண்மையில் தீங்கு வரும் இடத்தைத் தவிர வேறெங்கும் திருத்தாதீர்கள். முடிந்தால் அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்காதீர்கள். பல ஆண்டுகளாகத் தனியாகச் சுமந்தவருக்குக் கையை எடுப்பது எளிதல்ல என்பதை அறிந்தே சொல்கிறேன்.

பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் வெளியே இருக்கும் ஒருவரிடம் பேசும்போது, குற்றம் முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமாகாது. நார்வே 1993-இல், தந்தை எடுக்காவிட்டால் குடும்பமே இழந்துவிடும் என்ற நிபந்தனையோடு குழந்தை பிறந்தபின் பெற்றோருக்குத் தரும் விடுப்பில் நான்கு வாரங்களைத் தந்தையருக்கென ஒதுக்கியது. அதுவரை அபூர்வமாகவே விடுப்பு எடுத்த ஆண்களில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளிலேயே எடுக்கத் தொடங்கினார்கள். ஜப்பானிலோ சட்டம் தாராளமாக இருந்தும் 2012-இல் விடுப்பு எடுத்த தந்தையர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற அச்சம் சட்டத்தைவிட வலுவாக இருந்தது. எனவே உங்கள் அலுவலகத்தில் வாரம் இரண்டு நாளாவது முன்னதாகக் கிளம்ப அனுமதி கேளுங்கள். காரணத்தை மறைக்காமல் கேளுங்கள். ஒருவர் வெளிப்படையாகக் கேட்டால்தான் பக்கத்து மேசைக்காரருக்கும் துணிவு வரும். மறுத்துவிட்டாலும் காலை நேரம் உங்கள் கையில் இருக்கிறது: எட்டு மணிக்கு முன் அவளை எழுப்பி, குளிப்பாட்டி, பையைச் சரிபார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

முதல் சில வாரங்கள் உங்கள் மகள் "அம்மாவே செய்யட்டும்" என்று சிணுங்குவாள், அழவும் செய்வாள். அதைக் கேட்டு மனம் நொந்து, "அவளுக்கே பிடிக்கவில்லை" என்று பின்வாங்குகிற இடத்தில்தான் பெரும்பாலான தந்தையர் தோற்கிறார்கள். அவள் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. பழகிய கையைத் தேடுகிறாள். கோபப்படாமல், லஞ்சமும் கொடுக்காமல், மறுநாளும் அதே நேரத்தில் அதே வேலைக்குப் போய் நில்லுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நகங்களைப் பாருங்கள். நகவெட்டி எங்கே இருக்கிறது என்று மனைவியிடம் கேட்க வேண்டாம். நீங்களே தேடி எடுங்கள்.