கணவன்மார்களைக் கேலி செய்யும் நகைச்சுவைகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

எனக்குப் பிடித்தது ஒரு தும்மல். திருக்குறளில் 1312-ஆவது குறளில் இருக்கிறது.

கணவன்மேல் கோபம் கொண்டு மனைவி பேசாமல் இருக்கிறாள். எப்படிப் பேச வைப்பது? அவன் தும்முகிறான். தும்மியவரை ‘நீடு வாழ்க’ என்று வாழ்த்தியாக வேண்டும், வாழ்த்த வாய் திறந்தால் ஊடல் கலைந்துவிடும். அது தெரிந்தேதான் தும்மினார் என்று அவளே சொல்கிறாள். அவனுடைய கள்ளத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். பிடித்ததில் அவளுக்கு எத்தனை மகிழ்ச்சி!

இது 132-ஆம் அதிகாரமான புலவி நுணுக்கத்தில் வருகிறது. காமத்துப்பாலின் 250 குறள்களும் ஏக்கமும் பசலையும்தான் என்று நினைத்துப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தப் பத்துக் குறளையாவது படித்துப் பாருங்கள். ‘யாரைவிடவும் நாம் காதல் மிகுந்தவர்கள்’ என்கிறான் கணவன். ‘யாரைவிட? யாரைவிட?’ என்று அவள் ஊடுகிறாள். ‘இந்தப் பிறவியில் பிரியமாட்டோம்’ என்றால் கண் நிறைய நீர். அடுத்த பிறவியில் பிரிந்துவிடுவானாம். ‘உன்னை நினைத்தேன்’ என்றால், ‘அப்படியானால் ஏன் மறந்தீர்கள்?’ தும்மினால் வாழ்த்துகிறாள், வாழ்த்திய வாயாலேயே ‘யார் நினைத்துத் தும்மினீர்கள்?’ என்று அழுகிறாள். சரி என்று தும்மலை அடக்கிப் பார்க்கிறான். ‘உம்மை நினைப்பவரை என்னிடம் மறைக்கிறீரோ?’ என்று அதற்கும் அழுகை!

இவற்றில் பெரும்பாலானவற்றைச் சொல்பவன் அந்தக் கணவனே. தான் மாட்டிக்கொண்ட கதையைத் தானே ரசித்துச் சொல்கிறான். எந்த இடத்திலும் அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

‘மனைவியைக் கண்டால் நடுங்கும் கணவன்’, ‘சோம்பேறிக் கணவன்’ என்று சுற்றிவரும் துணுக்குகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவற்றில் மனிதர் யாரும் இல்லை. திருமணமான புதிதில் உறவினர்கள் கூடியிருந்தபோது, பெண்கள் எல்லோரும் தத்தம் கணவரைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் கணவரின் மறதியைப் பற்றி ஒன்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் கையிலிருந்த தம்ளரின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது அவருக்கு வேலை இல்லை, இரவில் தூக்கம் இல்லை. அந்த மறதி எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் சொன்னேன். இன்று நினைத்தாலும் நெஞ்சு உறுத்துகிறது.

அதன்பிறகு அவரைப் பற்றி நான் வெளியில் சொல்வதெல்லாம், அவரே கேட்டுச் சிரிக்கக்கூடியவை மட்டும். இதோ, அவர் சம்மதத்துடன் ஒன்று.

எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டால் இரண்டாம் நாள் மாலை அவர் அறை வாசலில் வந்து நிற்பார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது?” என்பார். “மேசையின் இரண்டாவது இழுப்பறையில்” என்று நான் சொல்லியாக வேண்டும். அவ்வளவுதான், மௌனம் உடைந்துவிடும். முதல் சில முறை நான் எதையும் சந்தேகிக்கவில்லை. ஒருநாள் அவர் திரும்பி நடக்கும்போது பார்த்தேன்: பின்னால் கட்டியிருந்த கையில் கத்தரிக்கோல் இருந்தது.

அவர் குறள் படிப்பவர் அல்லர். 1312-ஐ நான் வாசித்துக் காட்டியபோது, “இவருக்கும் இதே வேலைதானா?” என்று கேட்டார்.

இப்போதெல்லாம் கோபம் வந்தால் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறேன். அவர் உண்மையாகவே தேடிக்கொண்டு வரட்டும்.