கறுப்புக் குடையும் ஈரத் தாரும்

கேள்வி: அட்டனில் இருக்கிறேன். பஸ் தரிப்பிடத்தைச் சுற்றிக் கிடக்கும் உடைந்த குடை, ஒற்றைச் செருப்பு, நசுங்கிய தகரம் என்று போனில் எடுக்கிறேன். எல்லாம் வெறும் குப்பைப் படமாகவே வருகின்றன. எங்கே பிழை?

பதில்: நின்றபடியே குனிந்து எடுப்பதுதான் முதல் பிழையாக இருக்கும். போனின் பிரதான லென்ஸ் அகலமானது. குடையோடு வெற்றிலை எச்சில், கான், யாரோ ஒருவரின் கால் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிவிடும். குந்துங்கள். ஒரு மீட்டர் தள்ளி, 2 மடங்கு சூம் வையுங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையை ஒட்டிவிடும். ஒற்றைச் செருப்பும் தோணி மாதிரி எழுந்து நிற்கும்.

மழை விட்டு மூட்டம் இறங்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள். கடும் நிழல் விழாது. குடைக் கம்பியின் துரு, துணி மடிப்பில் தேங்கிய துளி எல்லாம் தனித்தனியாகத் தெரியும். ஆனால் கறுப்புக் குடை ஈரத் தாரில் கிடந்தால் போன் ஏமாறும். இருட்டென்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்ட, கறுப்பு சாம்பலாகிவிடும். திரையில் குடையின் மேல் விரலை அழுத்தி வெளிச்ச அளவைப் பூட்டி, கீழே இழுத்துக் குறையுங்கள். பின்னணி முழுக்க வெண்மூட்டம் என்றால் நேர்மாறு: கமராவின் வெளிச்சத் திருத்தத்தை (exposure compensation) +0.7 முதல் +1 வரை கூட்ட வேண்டும்.

தாரின் மினுக்கம் தொல்லை தந்தால் போலரைஸ்ட் (பளபளப்பை வடிகட்டும்) கறுப்புக் கண்ணாடியை லென்சுக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். தரையோடு 35 முதல் 40 பாகை சரிவில் பார்க்கும்போது நன்றாக வேலை செய்யும்.

பொருளை நகர்த்தாதீர்கள். பஸ் சில்லு ஏறிய தடமும், அடியில் நனையாமல் மிஞ்சிய உருவமும் படத்தின் பாதி. இது சட்டமில்லைதான்: தெருவில் கிடந்த சிகரெட் அடிக்கட்டைகளை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் எடுத்தவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அர்விங் பென். 1975இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. அந்த வழி பிடித்தால் வெள்ளைத் தாள், யன்னல் வெளிச்சம் போதும். இரண்டையும் ஒரே தொடரில் கலக்க வேண்டாம்.

எதை எடுப்பது என்று தடுமாறினால் ஒரு மாதம் செருப்பு மட்டும். ஒரே உயரம், ஒரே தூரம். பத்தாவது படத்துக்குப் பிறகுதான் குதி தேய்ந்த விதமும் வார் அறுந்த இடமும் கண்ணில் படும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கிடப்பது மட்டும் எறிந்த செருப்பல்ல. வீட்டாரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.