சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆரக்கிள் பார்க் பேஸ்பால் மைதானத்தில் பந்து கடலில் விழுமாமே, உண்மையா?

உண்மைதான். வலப்பக்கச் சுவருக்கு அப்பால் ஒரு நடைபாதை, அதைத் தாண்டினால் மெக்கோவி கோவ் என்கிற விரிகுடாத் தண்ணீர். பந்து அதில் விழுந்தால் எடுக்க ஆட்கள் சிறு படகுகளில் காத்திருப்பார்கள். இந்த மைதானத்தின் சொந்த அணியான ஜயன்ட்ஸின் முன்னாள் வீரர் பாரி பாண்ட்ஸ் மட்டும் 35 முறை நேராகத் தண்ணீருக்குள் அடித்திருக்கிறார்.

இடநெருக்கடிதான் காரணம். கரை குறுக்கே வருவதால் பந்தை அடிக்கும் இடத்திலிருந்து வலது மூலை வெறும் 309 அடி. அதை ஈடுகட்டத்தான் அங்கே 24 அடி உயரச் சுவர். 24 என்பது ஜயன்ட்ஸின் பழைய நட்சத்திர வீரர் வில்லி மேஸின் சட்டை எண். சுவரின் வளைவுத் திறப்புகள் வழியே வெளியில் நின்று காசில்லாமலும் ஆட்டம் பார்க்கலாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஜயன்ட்ஸ் முன்பு ஆடிய கேண்டில்ஸ்டிக் மைதானம் குளிர்காற்றுக்குப் பேர்போனது. அதனால் இதை எந்தத் திசை பார்த்துக் கட்டுவது என்பதைக் மாதிரியின் மேல் காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச்சுரங்கச் சோதனை செய்தே முடிவெடுத்தார்கள்.

2000இல் திறந்தது, பெரும்பாலும் தனியார் பணத்தில். அப்புறம் பெயர்? பசிபிக் பெல், எஸ்பிசி, ஏடி அண்ட் டி என்று ஸ்பான்சருக்கு ஸ்பான்சர் மாறி, 2019இலிருந்து ஆரக்கிள்.