கலரே இல்லாத ஜன்னல்கள்

அன்புள்ள அக்கா,
அக்டோபரில் பிரான்ஸ் போகிறேன். கோங்க் கிராமத்துக்கு அரைநாள் போதுமா? படங்களில் பார்த்தால் ஒரு தெரு, ஒரு தேவாலயம், அவ்வளவுதான். ஜன்னல்கள்கூடக் கலரே இல்லாமல் பாத்ரூம் கண்ணாடி மாதிரி இருக்கின்றன.

அன்புள்ள தம்பி,

நாலைந்து நாளாக அந்த ஜன்னல்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சரியாக உங்கள் கடிதம் வருகிறது.

சின்ன ஊர்தான். தூர்தூ ஆற்றை ஒட்டிய மலைச்சரிவு, கல்பலகைக் கூரைகள். 9ஆம் நூற்றாண்டில் ஒரு துறவி அஜான் நகரத்திலிருந்து புனித ஃபுவா என்ற கிறிஸ்தவப் பெண் புனிதரின் எலும்புகளைத் திருடிக்கொண்டு வந்தார். அப்புறம் யாத்ரீகர்கள், அப்புறம் இவ்வளவு பெரிய தேவாலயம். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்கும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அந்தப் புனிதையின் பொற்சிலையை ஊர்ஜனங்களே ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு போங்கள்.

பாத்ரூம் கண்ணாடி என்று எழுத எப்படி மனசு வந்தது? பக்கத்து ரொதெஸ் ஊரில் 1919இல் பிறந்தவர் பியேர் சூலாஜ். சிறுவயதில் இந்த தேவாலயத்துக்குள் நின்றபோதுதான் ஓவியனாவது என்று முடிவுசெய்தார். கறுப்பு ஓவியங்களுக்குப் பேர்போன அவரிடம் இங்குள்ள 104 ஜன்னல் திறப்புகளுக்கும் கண்ணாடி அமைக்கும் வேலையை ஒப்படைத்தார்கள். 1987இல் தொடங்கியவர் 1994இல்தான் முடித்தார். கிடைத்த கண்ணாடி எதுவும் சரிப்படவில்லை. வெளிச்சம் வரவேண்டும், வெளியே இருப்பது தெரியக்கூடாது. அப்படியொரு கண்ணாடிக்காக நூற்றுக்கணக்கான முறை சோதித்துப் பார்த்தார். ஏன் இந்தப் பாடு? அங்கே மஞ்சள் சுண்ணாம்புக்கல், செம்மணற்கல், சாம்பல் பலகைக்கல் மூன்றையும் கலந்து கட்டியிருக்கிறார்கள். ஜன்னலில் நீலமும் சிவப்பும் பூசினால் அந்தக் கற்களின் நிறம் செத்துப்போகும். நீங்கள் தேடும் கலர் சுவரில் இருக்கிறது தம்பி! ஏழு வருஷ உழைப்பை செல்போன் படத்தில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் முதலில் வெள்ளைக் கண்ணாடி என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு மழை. ஒரு தூண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் சாம்பல் பூத்துக் கிடந்தது. மேகம் விலகியதும் வளைந்து போகும் ஈயக்கோடுகளுக்கு நடுவே ஒரு துண்டு நீலமாயிற்று, அதற்கடுத்தது வெதுவெதுப்பான மஞ்சள். தூணின் அடிக்கல் சிவந்தது. ஈர சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், கையை அப்படியே நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

அரைநாளா கேட்டீர்கள்? ராத்திரி அங்கேயே தங்குங்கள். சாயங்கால வெயில் மேற்கு வாசலில் விழும்போது, நியாயத்தீர்ப்புச் சிற்பத்தின் வளைவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்க்கும் குட்டி முகங்கள் நன்றாகத் தெரியும். காலையில் மறுபடி உள்ளே போய் அந்தத் தூணருகே உட்காருங்கள்.

அன்புடன்,
அக்கா